வீரன் வேறு, யுத்தம் வேறு

1739-இல் இவ்வூரில் ஏறி, இடையிடையே ஆங்கிலேயரால் இறக்கப்பட்டு மீண்டும் ஏறி, முடிவாக 1954-இல் இறங்கிய பிரெஞ்சுக் கொடியின் கீழ் சேவகம் புரிந்து மடிந்தவர்களுக்காக, ஜூலை 14-லும் நவம்பர் 11-லும், பதக்கங்கள் அணிந்த முதிய சொல்தாக்கள் (பிரெஞ்சுப் படையின் முன்னாள் வீரர்கள்) நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பதைக் காரைக்கால்வாசிகள் ஒருபோதும் விபரீதமாகக் கருதியதில்லை. இத்தனைக்கும் பிரெஞ்சிந்தியாவின் சொல்தாக்கள் பலர் போரிடச் சென்ற இந்தோசீன யுத்தம், வியட்நாம் மக்களை அந்நிய ஆதிக்கத்தின் கீழ் நிறுத்தி வைப்பதற்காக நடந்த யுத்தம். அதே ஆண்டுகளில்தான் அதே ஆதிக்கத்திலிருந்து விடுதலை வேண்டுமென்று இந்த மண்ணில் கிளர்ச்சியும் நடந்து கொண்டிருந்தது. ஆயினும் அந்த யுத்தத்தின் அநியாயத்தை, சம்பளத்துக்கும் சத்தியப் பிரமாணத்துக்கும் கட்டுப்பட்டுப் போய் உயிர்விட்ட ஒருவனுடைய கணக்கில் எழுத நமக்கு மனம் வரவில்லை. இந்தப் பெருந்தன்மையை நாம் குறை கூற வரவில்லை. நம் சொந்தக் குடியரசின் படைவீரர் ஒருவருக்கு இதே பெருந்தன்மையைக் காட்ட ஏன் தயங்குகிறோம் என்பதே நமது கேள்வி.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்ற பெயரைச் சொன்னால் இன்றைய மாணவர்களில் எத்தனை பேர் அடையாளம் கண்டுகொள்வார்கள்? 1946 செப்டம்பர் 13-இல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே பட்டப்படிப்பை முடித்து, சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் தேறி, 1972 ஜூன் மாதம் மஹார் ரெஜிமெண்டில் அதிகாரியானவர் அவர். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஜனங்களின் போர்த்திறனை மீண்டும் அங்கீகரித்து 1941-இல் அமைக்கப்பட்ட அந்த ரெஜிமெண்டுக்கு இதுவரை கிடைத்துள்ள ஒரே பரம வீர சக்கரம் இந்தத் தமிழருடையது. 1987-இல் இந்தியத் தரைப்படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜியும் அதே ரெஜிமெண்டில் வளர்ந்த தமிழர்தாம் என்பது, இலங்கைக்குப் போன அமைதிப் படையின் சரித்திரத்தை "வடக்கத்தியான் அனுப்பிய படை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம்.

1987 ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன், சமாதானம் காப்பதற்கென்று இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப் படையில் மஹார் ரெஜிமெண்டின் எட்டாவது பட்டாலியனும் சென்றது. அக்டோபர் பத்தாம் தேதிவாக்கில் அமைதிப் படை விடுதலைப் புலிகளோடு யுத்தம் புரியும் படையாகிவிட்டது. நவம்பர் 25 அன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு தேடுதலை முடித்துத் திரும்பிக் கொண்டிருந்த பரமேஸ்வரனின் அணி, பதுங்கியிருந்தவர்களின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. குண்டு வருகிற திசையில் திருப்பிச் சுடுவதும், மறைவிடம் தேடிப் படுப்பதும் அந்தக் கணத்தில் எவரும் செய்யக்கூடியவை. அவரோ மனம் கலங்காமல், தம் ஆட்களுடன் சுற்றி வளைத்து, பதுங்கியிருந்தவர்களின் பின்புறமாகப் போய் அவர்கள்மேல் பாய்ந்தார். கைகலப்பில் எதிராளி ஒருவனுடைய குண்டு அவர் மார்பைத் துளைத்தது. துளைத்த பின்னர்தான் அந்தத் துப்பாக்கியை அவனிடமிருந்தே பறித்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும் வரையில் உத்தரவுகள் பிறப்பித்துக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐவர் மாண்டனர்; மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் ஏவுகருவிகளும் கைப்பற்றப்பட்டன; அணி காப்பாற்றப்பட்டது. விருதுக்குரிய அரசாங்க அறிவிப்பு இதைச் சில வாக்கியங்களில் சொல்லி முடிக்கிறது. அலங்காரச் சொற்களைவிட அந்தச் சிக்கனமே அவருக்குப் பொருத்தமான கௌரவம் என்று நமக்குத் தோன்றுகிறது.

மாண்ட ஐவரும் தமிழர்கள். மாண்ட மேஜரும் தமிழர். இங்கேதான் நம்முடைய மௌனத்தின் வேர் இருக்கிறது. காரைக்காலிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறை அதில் பாதித் தொலைவுகூட இல்லை. அக்கரையில் வெடித்த ஒவ்வொரு குண்டும் இக்கரையின் வீடுகளில் துக்கமாகவும் கோபமாகவும் வந்து இறங்கிய காலம் அது. அமைதிப் படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24-இல் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது; திரும்பிய வீரர்களுக்குச் சென்னையில் அளிக்கப்பட்ட வரவேற்பில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் கூறிய காரணம். அந்தக் கண்டனம் டில்லியின் கொள்கைமீது பாய்ந்திருக்குமானால் அதற்கு நூறு நியாயங்கள் உண்டு. கொள்கையை வகுத்தவர்கள் வேறெங்கோ இருக்க, அது கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாயின் தலையில் விழுந்தது என்பதே நமது அபிப்பிராயம். அந்த யுத்தத்தில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் திரும்பி வரவே இல்லை.

பரமேஸ்வரன் தாய்நாட்டைக் காக்கவா மடிந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர் மடிந்த இடம் இந்திய எல்லைக்குள் இல்லை என்பது உண்மையே. ஆனால், எந்த யுத்தம் தர்மமானது என்று படைவீரன் தானே தீர்மானித்துக்கொண்டு, பிடித்த யுத்தத்துக்குப் போய், பிடிக்காத யுத்தத்துக்கு மறுக்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பாகிஸ்தானையும் பர்மாவையும் பார்த்தால் போதும். ஜனங்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்துக்குப் படை கட்டுப்படுகிறது என்ற ஒரே நியதியின்மேல்தான் நமது குடியரசு நிற்கிறது. அந்த நியதிக்குத் தலைவணங்கிப் போனவன் தன் நாட்டைத்தான் காத்தான். போன இடம் தவறு என்றால், அந்தத் தவறு அனுப்பியவர்களுடையது. அவர்களுக்கு வாக்களித்த நம்முடையது. நம் பங்கை நாம் சுமக்க விரும்பாமல், பதில் சொல்ல முடியாத ஒருவர்மேல் ஏற்றிவிட்டோம்.

அதே மூச்சில் வேறொன்றையும் சொல்ல வேண்டும். 1987 அக்டோபர் 21-ஆம் தேதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்தபின் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். உத்தரவுக்குக் கட்டுப்படுவது என்ற வாதம் அந்தக் காரியத்துக்குச் சிறிதும் பொருந்தாது. யுத்தத்தின் நியாயம் அரசாங்கத்தின் பொறுப்பு. யுத்தத்தில் ஒருவன் நடந்துகொள்ளும் விதம் அவனுடைய பொறுப்பு. இந்த இரண்டையும் குழப்பாமல் பார்ப்பவர்களுக்கு, பரமேஸ்வரனைப் போற்றுவதும் ஆஸ்பத்திரியில் மாண்டவர்களுக்காக நீதி கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதமாகத் தோன்றா. அவருடைய பதக்கத்தைக் காட்டி அந்தக் கொலைகளை மறைக்க முயல்கிறவர்களும், அந்தக் கொலைகளைக் காட்டி அவருடைய பதக்கத்தை அழிக்க முயல்கிறவர்களும் ஒரே அநீதியைத்தான் இழைக்கிறார்கள்.

கார்கில் யுத்தத்தில் படாலிக்கில் மடிந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் உண்டு. கல்வானில் மடிந்த ஹவில்தார் பழனியை ராமநாதபுரம் மாவட்டம் தன் பிள்ளையென்று கொண்டாடுகிறது. மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை 2024-இல் திரைப்படமாகி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. பரமேஸ்வரனுக்கோ சொந்தம் கொண்டாட ஒரு தொகுதி இல்லை, கிராமம் இல்லை. சென்னை சாலிகிராமத்தில் படையினர் குடியிருப்பு ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 2023 ஜனவரியில் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயரை இட்டார்கள். மனிதர் நடமாட்டமுள்ள பொது இடத்தில் வைக்கத் தயங்கிய பெயருக்குத் தீவு கிடைத்தது என்று யாரேனும் பரிகாசம் செய்தால் நாம் மறுக்க முடியாது. கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் அமைதிப் படைக்கு இலங்கை அரசு நினைவுச் சின்னம் எழுப்பியிருப்பது நம் வெட்கத்தை இன்னும் கூட்டுகிறது.

ஆகவே நமது கோரிக்கை இது. வருகிற நவம்பர் 25-ஆம் தேதி காரைக்கால் மாவட்ட நிர்வாகம் பரமேஸ்வரனுக்கும் அமைதிப் படையில் மாண்ட அனைவருக்கும் பகிரங்கமாக அஞ்சலி செலுத்த வேண்டும். அன்று காலை ஒவ்வொரு பள்ளியிலும் அவருடைய விருது அறிவிப்பு நல்ல தமிழில் வாசிக்கப்பட வேண்டும்; அதனுடன், அந்த யுத்தம் ஏன் தொடங்கியது, எப்படி முடிந்தது, யாழ்ப்பாணத்து ஜனங்கள் அதில் என்ன பட்டார்கள் என்பதையும் ஆசிரியர்கள் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தலைவர்களின் உருவப் பலகைகளும் கட்சிக் கொடிகளும் அங்கே வரக்கூடாது. இதற்குப் பணம் வேண்டாம், சட்டம் வேண்டாம். ஒரு கலெக்டரின் சுற்றறிக்கை போதும். தேர்தல் கணக்குப் பார்த்து ஆட்சேபிக்கக்கூடிய கட்சிகள் எவை என்று நமக்குத் தெரியும். அவர்கள் முன்கூட்டியே வந்து தங்கள் ஆட்சேபத்தை இந்தப் பத்திரிகையிலேயே எழுதட்டும், இடம் தருகிறோம்.