கவின்கலைக் கல்லூரியின் காட்சிக்கூடம் ஊராருக்கும் உரியது

ஓவியமும் சிற்பமும் பயிற்றுவிக்கும் கல்லூரிகளில் மாணவர்களின் சிருஷ்டிகளைத் திரட்டி ஆண்டுதோறும் காட்சியாக வைப்பது நெடுநாளைய வழக்கம். அக்காட்சியைப் பரீட்சையின் ஓர் அங்கமாகவோ, பெற்றோரும் பிரமுகர்களும் ஒரு மாலைப்பொழுது வந்து பாராட்டிவிட்டுப் போவதற்குரிய வைபவமாகவோ கருதுகிற மனோபாவம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. என் அபிப்பிராயம் இதற்கு மாறானது. பொதுப்பணத்தில் நடைபெறும் ஒரு கவின்கலைக் கல்லூரி, தன் காட்சிக்கூடத்தை ஆண்டு முழுவதும் ஊராருக்காகத் திறந்துவைத்து, வருகிறவர்களுக்குப் படங்களைக் காட்டுவதோடு நில்லாமல், அவை எவ்விதம் உருவாயின, ஏன் அவ்விதம் உருவாயின என்பதையும் அவர்களுடைய தாய்மொழியில் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கடமை வகுப்பறைப் போதனைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

சென்னையில் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி, அலெக்ஸாண்டர் ஹன்டர் என்னும் வைத்தியர் 1850-ஆம் ஆண்டில் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய சித்திரப் பள்ளியின் வழிவந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அது ஓராண்டு மூத்தது. 1852-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அப்பள்ளி, பல்லாண்டுக் காலம் கைத்தொழில் பயிற்சிக்கே முதன்மை கொடுத்து வந்தது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்றபின் ஓவியமும் சிற்பமும் அங்கே உரிய ஸ்தானத்தைப் பெற்றன. 1957-இல் அவரைத் தொடர்ந்து பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில், மேனாட்டு முறைகளைக் கற்றுத் தேர்ந்த இளைஞர்கள் இந்த மண்ணுக்குரிய கோடுகளையும் குறிகளையும் தேடிப் புறப்பட்டார்கள். அவர்களிற் பலர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை நிறுவி, பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று ஜீவனம் நடத்தியபடியே ஓவியம் வரைந்தார்கள் என்பது இந்தியக் கலைச் சரித்திரத்தில் விசேஷமான ஓர் அத்தியாயம்.

இக்கல்லூரியால் பொதுமக்களுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் மெரினாக் கடற்கரைக்குச் சென்று உழைப்பாளர் சிலையின் முன் சற்று நேரம் நிற்கலாம். பாறையைப் புரட்ட முயலும் நான்கு மனிதர்களின் முறுக்கேறிய தோள்களையும் அழுந்த ஊன்றிய கால்களையும் ராய் சௌத்ரி வெண்கலத்தில் வடித்தார். 1959 முதல் அச்சிலை அங்கே நிற்கிறது. அதற்கு மாதிரியாக நின்றவர்களுள் கல்லூரியின் காவலாளி ஒருவரும் உண்டு என்பர். கடலைப் பார்க்க வரும் மீனவரும் மாணவரும், வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவரும், எவருடைய அனுமதியும் இன்றி அதைப் பார்க்கிறார்கள், பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அவ்வண்ணமே இக்கல்லூரியில் பயின்ற கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளை, ஓவியக் கண்காட்சி எதற்குமே போயிராத லட்சக்கணக்கான தமிழர்கள், 'ஜூனியர் விகட'னில் வெளிவந்த கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'த் தொடரில் வாரந்தோறும் கண்டு பழகினார்கள். கடற்கரையிலும் பத்திரிகையிலும் நவீனக் கலையை இயல்பாக ஏற்றுக்கொண்ட அதே ஜனங்கள் காட்சிக்கூடத்தின் வாசலில் மட்டும் தயங்கி நிற்கிறார்கள் என்றால், அந்தத் தயக்கத்துக்குரிய காரணத்தை அவர்களுடைய ரசனையில் தேடுவது நியாயமாகாது.

காரணம் நாம் காட்சி நடத்தும் விதத்தில் இருக்கிறது. வேலைநாளின் நடுப்பகலில் திறப்பு விழா நடக்கிறது, அலுவலகம் விட்டு வருகிறவர் வந்து சேருமுன் கதவு சாத்தப்படுகிறது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. படத்தின் கீழே ஒட்டிய சீட்டில் மாணவரின் பெயரும், ஆங்கிலத்தில் ஒரு தலைப்பும், அளவும் இருக்கின்றன. இன்ன சாயம், இன்ன துணி, இதை வரைந்தவர் இன்ன ஊர்க்காரர், இன்னதைக் கண்டு வரையத் தொடங்கினார் என்ற தகவல் ஒன்றும் இராது. உள்ளே வந்த ஒருவர் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு, யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் வெளியேறிவிட்டால், அவர் மறுமுறை வருவதற்கு என்ன முகாந்தரம் இருக்கிறது? சில நாள்களில் படங்கள் இறக்கப்பட்டு, மாணவரின் இருப்பிடத்துக்கோ கல்லூரியின் சாமான் அறைக்கோ சென்றுவிடுகின்றன. ஓராண்டு உழைப்பின் பயன் அவ்வளவோடு முடிந்துவிடுகிறது.

இதை வேறுவிதமாகவும் செய்யலாம் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் என்னும் சிறிய ஊரில் உள்ள கல்லூரிக்கு 1917-இல் கட்டப்பட்ட ஆலன் நினைவுக் கலைக்கூடம் என்றொரு காட்சிசாலை இருக்கிறது. எவரும் கட்டணமின்றி உள்ளே செல்லலாம். அங்கே கலை வரலாறு போதித்த எல்லன் ஜான்சன் என்ற அம்மையார், அசல் கலைப்படைப்போடு கூடவே வசித்தால்தான் அதைப் பார்க்கும் கண் பழகும் என்ற எண்ணத்தில், 1940-இல் படங்களை மாணவர்களுக்கு இரவல் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். இன்றும் பருவத்துக்கு ஐந்து டாலர் கொடுத்து, பிக்காஸோ போன்ற பேராசான்களின் அசல் அச்சோவியத்தை ஒரு மாணவர் தம் விடுதி அறைக்கு எடுத்துச் சென்று சுவரில் மாட்டிக்கொள்ளலாம். விரும்பிய படம் பிறர் கைக்குப் போய்விடக் கூடாதே என்று முதல்நாள் இரவே வந்து படுத்திருந்து வரிசையில் இடம்பிடிக்கும் மாணவர்கள் உண்டு. ரசாயனம் படிக்கிறவரும் கணிதம் படிக்கிறவரும் அந்த வரிசையில் இருக்கிறார்கள் என்பதே இதில் நான் முக்கியமாகக் கருதும் அம்சம். காலையில் கண்விழிக்கும்போதும் இரவில் விளக்கணைக்கும்போதும் கண்ணில் படுகிற ஒரு படம், பருவ முடிவில் திருப்பிக் கொடுக்கப்படும்போது, அதனோடு வாழ்ந்தவரிடத்தில் எந்தச் சொற்பொழிவாலும் உண்டாக்க முடியாத ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டே போகிறது.

அவ்வளவு தூரம் போவானேன் என்பவர்களுக்கு நம் தேசத்திலேயே உதாரணங்கள் இருக்கின்றன. 1919-இல் சாந்திநிகேதனத்தில் தோன்றிய கலாபவனத்தில், அங்கே ஆசானாக விளங்கிய ஓவியர் நந்தலால் போஸின் பிறந்தநாளையொட்டி டிசம்பர் முதல் இரண்டு நாள்களிலும் நந்தன் மேளா நடக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் தம் கையால் செய்தவற்றை எளிய விலைக்கு விற்று, வரும் பணத்தை மாணவர் நலநிதிக்குக் கொடுக்கிறார்கள். சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ் 1938-இல் செம்மண்சரளையும் சிமிட்டியும் கலந்து அங்கே வெட்டவெளியில் எழுப்பிய சந்தால் குடும்பச் சிற்பத்தை வழிப்போக்கர் எவரும் காணலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறைசென்று, பின்னர் சாந்திநிகேதனத்தில் ஓவியம் கற்ற கே.ஜி. சுப்ரமணியன், பரோடாவில் ஆசிரியராக இருந்தபோது, அங்குள்ள கவின்கலைத் துறை நடத்திய சந்தைகளுக்காகக் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளைச் செய்து கொடுத்தார். பெரிய ஓவியர் பொம்மை செய்வது தம் தகுதிக்குக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை.

ஆகையால் காட்சியோடு நிகழ்ச்சியும் சேர வேண்டும். செய்து காட்டுவதைக் காட்டிலும் சிறந்த விளக்கம் இல்லை. செதுக்கச்சு என்னும் முறையையே எடுத்துக்கொள்வோம். அமிலம் தீண்டாத பூச்சைச் செப்புத் தகட்டின்மேல் தடவி, உலர்ந்ததும் கூரிய ஊசியால் கீறி வரைகிறார் மாணவர். தகட்டை அமிலத்தில் இடும்போது கீறிய இடங்களை மட்டும் அது அரித்துப் பள்ளமாக்குகிறது. அதிக நேரம் இருந்தால் கோடு தடிக்கும், விரைவில் எடுத்தால் மெலிந்து நிற்கும். பின்னர்ப் பூச்சைக் கழுவிவிட்டு, மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைக்கிறார். மை பள்ளங்களில் மட்டும் தங்குகிறது. நனைத்த காகிதத்தை அதன்மேல் வைத்து, கம்பளம் போர்த்தி, இரும்பு உருளைகளுக்கிடையே செலுத்தி மெல்லக் காகிதத்தை உரித்தெடுக்கும்போது, வலம் இடமாக மாறிய படம் புலப்படுகிறது. இதைப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கண்ணெதிரே பார்த்துவிட்டால், அதன்பின் எந்த அச்சோவியத்தின் முன்னும் அவன் வெறுமனே நிற்க மாட்டான். இந்தக் கோடு ஏன் தடித்தது என்று கேட்பான். அந்தக் கேள்வியே ரசனையின் தொடக்கம்.

கும்பகோணத்தில் இன்னும் அரிய வாய்ப்பு இருக்கிறது. அங்குள்ள அரசு கவின்கலைக் கல்லூரிக்கு அண்மையில் சுவாமிமலை ஸ்தபதிகள் வாழ்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவத்தை வனைந்து, அதன்மேல் காவிரியின் வண்டல்மண்ணைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் பரம்பரை வித்தை அவர்களுடையது. அந்த ஸ்தபதி ஒருவரும், நவீனச் சிற்பம் பயிலும் மாணவர் ஒருவரும் ஒரே கூடத்தில் தத்தம் படைப்பின் அருகே நின்று, இலக்கணத்துக்குக் கட்டுப்பட்ட உருவத்தைப் பற்றியும் இலக்கணத்தை விட்டு விலகிய உருவத்தைப் பற்றியும் ஊராரின் முன்னிலையில் உரையாடுவார்களானால், அதற்கு நிகரான பாடத்தை எந்தப் புத்தகமும் தரவியலாது.

இதற்கு ஆட்சேபம் கூறுவோர் இருவகையினர். நவீன ஓவியம் சாமானியருக்கு விளங்காது என்பது முதல் ஆட்சேபம். சங்கீதத்தில் ராகத்தின் இலக்கணம் அறியாதவரும் கேட்டுக் கேட்டே ரசிகராகிற தேசத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது பொருந்தாது; கேள்வியைப் போலவே பார்வையும் பழக்கத்தால் வருவதே. வாசலை அகலத் திறந்தால் வீண் விவகாரம் வந்து சேரும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. 2007-இல் பரோடாப் பல்கலைக்கழகத்துக் கவின்கலைத் துறையில் பரீட்சைக்காக வைக்கப்பட்டிருந்த ஒரு மாணவரின் படங்களைக் கண்டித்து வெளியார் உட்புகுந்ததும், அம்மாணவர் கைதானதும், துறையின் பொறுப்பிலிருந்த பேராசிரியர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டதும் நாடு அறிந்த செய்தி. ஆயினும், அதிலிருந்து கதவைச் சாத்த வேண்டும் என்ற முடிவுக்கு வருவது விபரீதமாகும். அவை பொதுமக்களுக்கென்று வைக்கப்பட்ட படங்கள்கூட அல்ல, பரீட்சகர்களுக்காக வைக்கப்பட்டவை. மூடிய அறையும் காப்பாற்றவில்லை என்பதே அதில் உள்ள படிப்பினை. ஆண்டு முழுவதும் ஊராரோடு பேசிப் பழகிய ஒரு கல்லூரிக்கு ஆபத்து வந்தால், அதன் பக்கம் நின்று பேசுவதற்கு ஆசிரியர் மாணவரைத் தவிர வேறு நான்கு பேராவது ஊரில் இருப்பார்கள்.

செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. சனி ஞாயிறுகளில் காட்சிக்கூடம் திறந்திருக்கட்டும். வேலைநாள்களில் மாலை ஏழு மணிவரை விளக்கு எரியட்டும். ஒவ்வொரு படைப்பின் அருகிலும் தெளிந்த தமிழில் ஐந்து வரி எழுதி வைக்கப்படட்டும்; அதை மாணவரே எழுதட்டும், தம் படைப்பைப் பற்றித் தாய்மொழியில் ஐந்து வரி எழுதுவது அவருக்கும் நற்பயிற்சி. வாரம் ஒருமுறை ஒரு மாணவர் தம் படத்தின் அருகே நின்று ஒரு மணி நேரம் பேசட்டும். அருகிலுள்ள பள்ளிகளின் சித்திர ஆசிரியர்களுக்கு முறைப்படி அழைப்பு அனுப்பப்படட்டும். இவற்றோடு, ஓபர்லின் கல்லூரியின் வழியைப் பின்பற்றி இங்கும் இரவல் ஏற்பாடு ஒன்று தொடங்கலாம் என்பது என் யோசனை. ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாமாகையால், அச்சோவியத்தில் ஒன்று பழுதானாலும் பெருநஷ்டம் இல்லை. மாணவருக்கு உரிய சன்மானம் கொடுத்து அப்படிகளை வாங்கிச் சட்டமிட்டு, மாவட்ட மைய நூலகங்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒன்றாகக் கொடுத்து மாற்றிவரலாம். மருந்துக்காகக் காத்திருக்கும் தாய் ஒருத்தி, காலண்டர்ப் படம் தவிர வேறொன்றும் காணாத அந்தச் சுவரில், தன் மாவட்டத்துப் பிள்ளை ஒருவன் செதுக்கிய வயல்வரப்பையும் அவன் பெயரையும் கண்டால், அதுவும் காட்சிசாலையே.

அரசாங்கத்துக்கும் கல்லூரிகளின் தலைவர்களுக்கும் என் விண்ணப்பம் இவ்வளவே. வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. உங்கள் ஊரிலோ அருகிலோ கவின்கலைக் கல்லூரி இருக்குமாயின், அடுத்த காட்சி எப்போது என்று விசாரித்து, குழந்தைகளை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். பெயர் தெரியாத மாணவரின் படத்தின் முன் நின்று, இதை எப்படிச் செய்தாய் தம்பி, ஏன் இப்படிச் செய்தாய் அம்மா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். கேட்பவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் கதவுகள் தாமாகவே கூடுதல் நேரம் திறந்திருக்கும். நம் வரிப்பணத்தில் வளரும் கலையை நாம் சென்று பார்ப்பது நம் உரிமை. அதைக் காட்டுவது கல்லூரியின் கடமை.