சத்துமாவோடு ஒரு படப் புத்தகம்

மதுரை மாவட்டம் பேரையூர் வட்டாரக் கரிசல் காட்டில் பருத்தி எடுப்பு தொடங்கிவிட்டால் பல வீடுகளில் பகலில் இருப்பது அப்பத்தாவும் கைக்குழந்தையும்தான். இரண்டு வயது ஆகிவிட்டால் அங்கன்வாடி இருக்கிறது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் பாட்டும் கதையும் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கிடைப்பது எடைக் கணக்கு, தடுப்பூசி, சத்துமாவு பாக்கெட். மூன்றும் வேண்டியவைதான். ஆனால், பேச்சுக்கு என்ன ஏற்பாடு?

எடை பார்ப்பதில் மதுரை மாவட்டம் முன்னோடி. உலக வங்கி உதவியோடு 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, அது முதலில் இறங்கியது மாவட்டத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்துக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். இன்று தராசு இல்லாத அங்கன்வாடியை யாரும் ஏற்கமாட்டார்கள். புத்தகம் இல்லாத அங்கன்வாடியையும் அப்படியே ஏற்கக் கூடாது.

சோறு மட்டும் போதாது என்பதற்கு ஜமைக்காவில் ஆதாரம் இருக்கிறது. 1986-87-ல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து, வீட்டில் கிடக்கும் பொருள்களில் செய்த பொம்மையையும் படங்களையும் வைத்துக்கொண்டு, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டே ஆண்டுகள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், பேச்சும் விளையாட்டும் கிடைத்தவர்களின் வருமானம் 25 சதவீதம் கூடுதல். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த ஏற்றம் தெரியவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா எப்படிப் புத்தகம் வாசிப்பார் என்று கேட்கலாம். ஒன்றரை வயதுக்கு எழுத்தே தேவையில்லை. பக்கத்தில் ஒரு மாட்டுப் படம். "என்னய்யா இது?" என்று அப்பத்தா விரலை வைக்கிறார். "ம்மா" என்கிறது பிள்ளை. "ஆமா, மாடு. நம்ம செவலை மாதிரியே இருக்குல்ல? அது என்ன திங்கும்?" பிள்ளை வாசல் பக்கம் கையை நீட்டுகிறது. அங்கே வைக்கோல் கிடக்கிறது. வாசிப்பு என்பது இந்த வயதில் இவ்வளவுதான்: பிள்ளை ஒரு சத்தம் போட, பெரியவர் அதைப் பிடித்து ஒரு சொல்லாக்கித் திருப்பித் தருவது. தாலாட்டில் மாமன்மாரை வரிசையாகக் கூப்பிட்டுப் பழகிய நாவுக்கு இது புது வித்தை அல்ல. கைப்பேசி இதைச் செய்யாது. அது பிள்ளையின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே அழகான பகுதி இருக்கிறது. பேரையூரில் இருந்து கைக்குழந்தையோடு பஸ் ஏறி அங்கே யார் போவது? புத்தகம்தான் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு வழி ஏற்கெனவே போட்டாயிற்று, அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வரும் வழி. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989-ல் தொடங்கிய திட்டமும் இதே யோசனைதான்: உடல் பரிசோதனைக்கு வரும் குழந்தையின் கையில் மருத்துவரே ஒரு புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவார்.

அங்கன்வாடிப் பணியாளருக்கு வேலை ஏற்கெனவே கழுத்துமுட்ட இருக்கிறது. பதிவேடு ஒரு பக்கம், 'போஷன் டிராக்கர்' செயலி ஒரு பக்கம். ஆகவே புத்தகத்துக்கென்று தனிப் பதிவேடு, போட்டோ எடுத்து அனுப்பும் கட்டாயம் எதுவும் கூடாது. கொடுத்தோம், ஒரு பக்கத்தைப் பேசிக் காட்டினோம் என்ற அளவில் நிற்கட்டும். கதைக்கும் பஞ்சமில்லை. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் 2015 முதல் தமிழ்ப் படக்கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. உரிமத்தொகை இல்லாமலே அச்சிடலாம். கெட்டி அட்டையில் அச்சிட வேண்டும், பிள்ளை முதலில் கடித்துத்தான் பார்க்கும். பேரையூர் வட்டத்தில் ஒரு சூப்பர்வைசரின் கீழ் வரும் மையங்களில் மட்டும், வீட்டுக்கு இரண்டு புத்தகம் என்று மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டே தொடங்கலாம்.