டூல்ஸ் பெட்டியை யார் தெரிவு செய்வது?

ரமழான் நெருங்கும்போது ஊர்களில் ஸகாத் குழுக்கள் கூடுகின்றன. முன்பெல்லாம் விதவைக்குத் தையல் இயந்திரம், மீன் வியாபாரிக்குச் சைக்கிள் என்று கொடுத்து வந்தார்கள். இப்போது அந்த வரிசையில் டூல்ஸ் பெட்டியும் சேர்ந்திருக்கிறது. மேசனுக்கு ஒன்று, ஏ.சி. வேலை பழகுபவருக்கு ஒன்று, எலக்ட்ரீஷியனுக்கு ஒன்று. நல்ல மாற்றம்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பெட்டிகள் வாங்கப்படும் விதம் சரியில்லை. குறிப்பாக எலக்ட்ரீஷியனின் பெட்டி.

இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் எல்லோரும் பாடசாலை முடித்த பிள்ளைகள் அல்லர். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் நம் கடைகளுக்கு வந்துகொண்டிருந்த பிற சமூக வாடிக்கையாளர்கள் வராமல் போனார்கள். அதே வருடம் மே மாதத்தில் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. அதிலிருந்து எழும்ப முன்னர் 2020இல் கொரோனா, பின்னர் 2022இல் டொலர் நெருக்கடி. புடவைக் கடையும் பென்சிக் கடையும் வைத்திருந்த முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள் இன்று வயரிங் வகுப்புகளில் தம் பிள்ளைகளின் வயதையொத்தவர்களுக்கு அருகில் அமர்ந்திருக்கிறார்கள். என்.வி.கியூ. மூன்றாம் மட்டமோ நான்காம் மட்டமோ எடுத்துவிட்டால் இங்கும் வேலை உண்டு, கட்டாரிலும் உண்டு என்ற நம்பிக்கை. இவர்களுக்கு இது இரண்டாவது வாழ்க்கை. மூன்றாவது ஒன்று கிடைக்குமா என்பது சந்தேகம்.

பெட்டி எப்படி வாங்கப்படுகிறது? குழு மூன்று கடைகளில் விலை கேட்கும். குறைந்த விலைக்கு இருபது பெட்டி எடுக்கும். வியாபாரிகளாகிய நாம்தான் அந்தக் குழுக்களில் இருக்கிறோம், ஆகவே பேரம் நன்றாகவே பேசுகிறோம். பிறகு ஜும்ஆவுக்குப் பின் வைபவம், போட்டோ. பெட்டியைத் திறந்து பார்த்தால் நூறு சாமான் இருக்கும். அதில் பாதி ஸ்பெனர் சொக்கட்டுகள், அவை கராஜ்காரருக்கு உரியவை. ஒரு சுத்தியல், ஒரு அளவு நாடா, வாய் சரியாக மூடாத ஒரு பிளயர், சிவப்பும் மஞ்சளுமாகப் பிடி போட்ட சில ஸ்க்ரூ ட்ரைவர்கள், ஒரு நியோன் டெஸ்டர். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று நம்பிச் சொல்லக்கூடிய கருவி ஒன்றுகூட அதில் இருக்காது.

நியோன் டெஸ்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் நாட்டில் எல்லோர் சட்டைப் பையிலும் அது இருக்கிறது. அதன் விளக்கு எரிவது நம் உடம்பின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் நிலத்துக்குப் போவதால்தான். றப்பர் செருப்புடன் காய்ந்த மர ஏணியில் நின்றால் உயிருள்ள வயரிலும் அது சரியாக எரியாமல் விடலாம். வெயிலில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. "எரியவில்லை, ஆகவே கரண்ட் இல்லை" என்று முடிவெடுத்துக் கை வைப்பது 230 வோல்ட்டுடன் விளையாடுவது. இரண்டு முனை கொண்ட வோல்ட் டெஸ்டர் அல்லது நல்லதொரு மல்டிமீட்டர் வேண்டும். கரண்ட் இருப்பது நிச்சயமான ஓர் இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மீண்டும் முதல் இடத்தில் பார்க்க வேண்டும். மீட்டர் இடையில் பழுதாகவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

மீட்டரில் 'கெட்' என்ற சொல்லுடன் ரோம எழுத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். வீட்டு விநியோகப் பலகையில் வேலை செய்பவருக்கு அது குறைந்தது மூன்றாக இருக்க வேண்டும். ஆனால் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பவும் முடியாது. பின்மூடியைக் கழற்றி பியூஸைப் பாருங்கள். உள்ளே சிறிய கண்ணாடி பியூஸ் இருந்தால் அந்த மூன்றை நான் நம்பமாட்டேன். தரமானவற்றில் பீங்கான் உடல் கொண்ட பெரிய பியூஸ் இருக்கும்.

அடுத்தது பிடிகள். நிறமான பிளாஸ்டிக் உறை போட்ட பிளயரெல்லாம் காப்பிடப்பட்டவை அல்ல. அந்த உறை கை வழுக்காமல் இருப்பதற்கு மட்டும். உண்மையில் காப்பிடப்பட்டதில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் ஐ.ஈ.சி. 60900 என்ற இலக்கமும் இருக்கும். அந்த நியமப்படி செய்யப்படும் ஒவ்வொரு கருவியும் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்பட்டே வெளியே வருகிறது. ஸ்க்ரூ ட்ரைவரானால் கம்பியும் நுனிக்குச் சற்று முன்வரை உறையால் மூடப்பட்டிருக்கும். விலை சாதாரணதைப் போல இரண்டு மூன்று மடங்கு போகும். போகட்டும். மூன்று ஸ்க்ரூ ட்ரைவர், எட்டங்குலப் பிளயர் ஒன்று, சைட் கட்டர் ஒன்று, வயர் ஸ்டிரிப்பர் ஒன்று, மீட்டர் ஒன்று. ஆரம்பத்துக்கு இவ்வளவும்தான்.

ஸ்டிரிப்பர் எதற்கு, பல்லும் கத்தியும் போதாதா என்று கேட்பார்கள். கத்தியால் உரித்தால் செம்பில் வெட்டு விழுகிறது. ஒற்றைக் கம்பியான 1/1.13 வயரில் அந்த வெட்டு விழுந்த இடம், சுவிட்சுக்குள் மடித்துத் தள்ளும்போது முறியும். 7/0.67இல் ஏழு கம்பியில் இரண்டு அறுந்தால் மிச்சமுள்ள ஐந்தும் சூடாகும். ஆறு மாதம் கழித்து அந்த பிளக் பொயிண்ட் கருகும்போது வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனைத்தான் ஏசுவார்.

மற்றவை காத்திருக்கலாம். கொங்கிரீட் துளைக்கும் ஹேமர் டிரில்லை முதல் சில மாதம் வாடகைக்கு எடுக்கலாம், பஞ்சிகாவத்தையில் பழையதும் வாங்கலாம். கொண்டியூட் வளைக்கும் ஸ்பிரிங் பெரிய செலவில்லை. 500 வோல்ட் மெகர் விலை கூடியது, தினமும் தேவைப்படாது. ஒரே வகுப்பில் படித்த நான்கு பேர் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஏணி மட்டும் அலுமினியமாக இருக்கக் கூடாது. மூங்கில் ஏணி அதைவிட எவ்வளவோ மேல். சோலார் வேலைக்குப் போக நினைப்பவர் கிளேம்ப் மீட்டர் வாங்கும்போது டீ.சி. மின்னோட்டத்தையும் அளக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவானவற்றில் பல ஏ.சி. மட்டுமே அளப்பவை.

வியாபாரத்திலிருந்து தொழிலுக்கு வருபவரிடம் நான் காணும் ஒரு பழக்கம் உண்டு. மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பது நம் இரத்தத்தில் ஊறியது. முன்னர் புடவைக் கடை வைத்திருந்த ஒருவர் பயிற்சியில் சேர்ந்த கிழமையே என் ஹார்ட்வெயார் கடைக்கு வந்து, "நானா, முழு செட்டாகப் போட்டால் எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டார். "தம்பி, இது நீங்க விற்கிற சரக்கு இல்லை, நீங்க பிடிக்கிற சாமான்" என்று சொல்லி மீட்டரையும் பிளயரையும் மட்டும் கொடுத்து அனுப்பினேன். என் அன்றைய வியாபாரம் குறைந்தது உண்மை. துணியைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் கை அவருடையது. ஆனால் காப்புறையின் தரம் தடவினால் தெரியாது. பில்லும் ஏஜென்டின் உத்தரவாதமும் தெரிந்த கடையும்தான் அதற்குச் சாட்சி.

இங்கே பழைய சோனகத் தெருவிலும் வெளியூர்களிலும் கடை வைத்திருக்கும் என் சக வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. போலியாக 1000 வோல்ட் என்று அச்சிட்ட சாமான் நம் ராக்கைகளுக்கும் வருகிறது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே வாங்கியவருக்குக் கொஞ்சம் தானியம் நட்டம். இங்கே என்ன நட்டம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கதவுப் பிணைச்சல் பூட்ட வாங்குபவருக்கு மலிவான ஸ்க்ரூ ட்ரைவரை விற்பதில் குற்றமில்லை. அதையே எலக்ட்ரீஷியனுக்கு உரியது என்று சொல்லி விற்கக் கூடாது.

ஸகாத் குழுக்களிடம் வருவோம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது அல்மஜ்மூஉவில், தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவுக்கு ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்பதையும், அதன் பெறுமதி குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் சரியே என்பதையும் குறிப்பிடுகிறார்கள். குறைந்த கொட்டேஷனைத் தேடும்படி மார்க்கம் நம்மைக் கேட்கவில்லை. இருபது பேருக்குப் பெட்டி கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுதுவதை விட, எட்டுப் பேருக்குச் சரியான மீட்டரும் பிளயரும் கொடுத்தோம் என்று எழுதுவதில் என்ன குறைச்சல்? மீதிப் பன்னிரண்டு பேர் காத்திருக்க வேண்டுமே என்று கேட்டால், ஆம், அடுத்த வருடம் வரை காத்திருக்கட்டும் என்றே சொல்வேன். வேறு தொழில்களுக்கு இப்படிச் சொல்லமாட்டேன்.

நடைமுறையில் இதைச் செய்வது கஷ்டமில்லை. பெட்டிக்குப் பதிலாக, ஊரில் நம்பகமான இரண்டு கடைகளுக்குக் கடிதம் கொடுக்கலாம். பயிற்சி தொடங்கும்போது பாதித் தொகைக்கு, மேலே சொன்ன ஏழு சாமான்களை வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு அவரே தெரிவு செய்யட்டும். மீதிப் பாதியை ஆறு மாதம் கழித்துக் கொடுங்கள். அதற்குள் தனக்கு டிரில் தேவையா, கிளேம்ப் மீட்டர் தேவையா என்பது அவருக்கே தெரிந்திருக்கும். பில்லின் பிரதியொன்றைக் குழு வைத்துக்கொண்டால், மீட்டர் பழுதென்று அவர் திரும்பி வரும்போது கடைக்காரருடன் பேசுவதற்குக் குழுவின் தலைவரே போகலாம்.