மீன் தொட்டிச் செடிக்கு கேஸ் சிலிண்டர் தேவையா?

''எங்கள் மகளிர் குழுவில் நான்கு வருடங்களாக வண்ண மீன் வளர்த்து, கொளத்தூர் கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். இப்போது செடி வைத்த தொட்டிகளையும், செடிகளைத் தனியாகவும் கேட்கிறார்கள். விளக்கு போட்டும் உரம் விட்டும் செடி வளரவில்லை; இலைமேல் பாசிதான் படிகிறது. கரியமில வாயு சிலிண்டர் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். ஆனால், தெரிந்தவர் ஒருவர் வைத்து, ஒரே இரவில் மீன்கள் எல்லாம் செத்துவிட்டன. குழுவில் கடன் வாங்கி சிலிண்டர் வைக்கலாமா?''

- வாசகி, திருவள்ளூர் மாவட்டம்.

கடன் வாங்குவதை இரண்டு மாதங்கள் தள்ளிப் போடுங்கள், சகோதரி. அதற்கு முன்பு, செலவில்லாமல் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

நெல்லும் வாழையும் காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்து மாவுச்சத்து தயாரிக்கின்றன. காற்று வீசிக்கொண்டே இருப்பதால், அவற்றுக்குத் தட்டுப்பாடு வருவதில்லை. தண்ணீருக்குள் நிலைமை வேறு. திறந்து வைத்த தண்ணீரில், லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம் அளவுதான் இந்த வாயு கரைந்திருக்கும். அதுவும் காற்றில் பரவுவதைவிட, தண்ணீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். இலையை ஒட்டியிருப்பது தீர்ந்துவிட்டால், செடி பட்டினிதான்.

எந்தச் சத்து குறைவோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்று வேளாண்மையில் ஒரு விதி உண்டு. தண்ணீர் இல்லாத வயலில் யூரியா போட்டால் என்ன ஆகும்? அதே கதைதான் உங்கள் தொட்டியிலும். வாயு குறைவாக இருக்கும்போது விளக்கையும் உரத்தையும் கூட்டினால், செடி எடுத்துக்கொள்ளாததைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஆகவே, விளக்கை ஒரு நாளைக்கு 6 முதல் 7 மணி நேரமாகக் குறையுங்கள். உரத்தைப் பாதியாக்குங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் போன்றவை குறைந்த வெளிச்சத்திலும் நிற்கும். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும் வையுங்கள். தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டில் இருந்தே கரியை எடுக்கும் திறன் இவற்றுக்கு உண்டு.

விற்பனைக்கான செடியைத் தொட்டிக்குள் வளர்க்கவே தேவையில்லை. கடைக்கு வரும் நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை, வேர் ஈரத்திலும் இலை காற்றிலும் இருக்கும்படி வளர்க்கப்பட்டவைதான். வரப்போரம் படரும் நீர்பிரம்மியும், நெல் வயலில் களையாகப் பிடுங்கி எறியும் ரொட்டாலாவும் தொட்டிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் செடிகள். தட்டில் ஈரமண் பரப்பி, நிழல்வலைக்குள் வைத்து, பாலித்தீன் தாளால் மூடி ஈரப்பதம் காத்தால் போதும். கரியமில வாயுவைக் காற்று இலவசமாகக் கொடுக்கும். பூச்சிக்கொல்லி மட்டும் அடிக்காதீர்கள். தொட்டிக்குப் போனால் மீனும் இறாலும் சாகும். காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் போனதும் அழுகலாம். புது இலை வரும். வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். வாலிஸ்நேரியாவும் வேலம்பாசியும் தண்ணீருக்குள் மட்டுமே வளரும். அவற்றுக்கு இந்த முறை ஒத்துவராது.

அழகுக்காக வைக்கும் ஒரு தொட்டிக்கு மட்டும் வாயு தேவை என்றால், பிறகு பார்க்கலாம். அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. செடி குடிக்கும் அதே தண்ணீரில்தான் மீனும் சுவாசிக்கிறது. வெளிச்சம் இருக்கும்வரைதான் செடி கரியமில வாயுவை எடுக்கும். இரவில் அதுவும் மீனைப்போல ஆக்சிஜனை எடுத்து, கரியமில வாயுவை வெளியிடும். இரவெல்லாம் சிலிண்டர் திறந்திருந்தால் வாயு ஏறிக்கொண்டே போகும். மீன் தன் இரத்தத்தில் உள்ள வாயுவை வெளியேற்ற முடியாமல் மயங்கிச் சாகும். உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டில் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

வேளாண்மை படித்த நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். வீட்டிலுள்ள இரண்டடித் தொட்டியில், ஒருநாள் மாலை குமிழிகளைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மூடாமல் தூங்கிவிட்டேன். காலையில் ஆறு டெட்ரா மீன்கள் மிதந்தன. மறுநாளே டைமர் வாங்கினேன்.

விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாயு திறக்க வேண்டும். அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூட வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் வால்வையும் டைமரையும் இணைத்தால் மறதிக்கு இடமில்லை. குமிழிகளை எண்ணி அளவைத் தீர்மானிக்காதீர்கள். தொட்டிக்குள் ஒட்டும் 'டிராப் செக்கர்' குப்பியில், 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மை உள்ள கரைசலை நிற மருந்துடன் ஊற்ற வேண்டும். தொட்டித் தண்ணீரை ஊற்றினால் தப்பான நிறம் காட்டும். நீலம் என்றால் குறைவு. பச்சை என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், அதுவே போதும். மஞ்சள் என்றால் ஆபத்து. நிறம் மாற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதனால், வாயுவை நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி, மீனைக் கவனியுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், உடனே வாயுவை நிறுத்தி, காற்று மோட்டாரைப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டில் முறை மலிவுதான். சுமார் இரண்டு வாரம் வாயு வரும். ஆனால், இரவில் அதை நிறுத்த முடியாது. இரவு முழுவதும் காற்று மோட்டார் ஓட வேண்டும். குழாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள், அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும். தொட்டித் தண்ணீர் திரும்பி வராமல் இருக்கக் குழாயில் செக் வால்வு போடுங்கள்.

முதலில் நான்கு தட்டுகளில் நீர்பிரம்மியும் ரொட்டாலாவும் போட்டுப் பாருங்கள். அதில் வரும் பணத்தில் சிலிண்டர் வாங்க முடிந்தால் வாங்கலாம், கடனில் வேண்டாம். தட்டுச் செடி எப்படி வந்தது என்று இரண்டு மாதங்கள் கழித்து எழுதுங்கள்.