மேலே நிற்கும் சாளரம்

1985-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் விண்டோஸில் சாளரங்கள் அருகருகே அமைந்திருந்தன. 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒன்றன்மேல் ஒன்று கவியலாயின. எது மேலே நிற்பதென்னும் வழக்கும் உடன் பிறந்தது. திறக்கப்பெற்ற நிரல் எப்பொழுதும் மேலே நிற்குமாறு தன்னைத்தானே அமைத்துக்கொள்ளக்கூடும். ஆயின் ஓரிடத்தில் இரு நிரல்கள் அவ்வாறு செய்யின், ஒன்று மற்றதன் கீழ்ப்படுதல் திண்ணம். யாவரும் முதல்வராயின் முதன்மைக்குப் பொருளேது?

மாணாக்கரொருவர் கணிப்பானை மேலே நிறுத்திக் கணக்கெழுத விரும்பின், அது தக்கதே. பவர்டாய்ஸ் என்னும் இலவசத் தொகுப்பை நிறுவியோர் விண்டோஸ், கண்ட்ரோல், டி என்னும் விசைகளைச் சேர அழுத்தினால் அது கைகூடும். மீண்டும் அழுத்தின் நீங்கும். ஆதலின் இவ்வுரிமை நிரலுக்கன்று, பயன்படுத்துவோர்க்கே உரியதென்பது எமது துணிபு. அழையாது முன்வந்து நிற்கும் சாளரம் மறைப்பது ஏட்டை மட்டுமன்று, நமது கவனத்தையுமன்றோ?