6 லட்சத்தில் பழைய ஃபோர் வீல் டிரைவ்: பானெட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி கீழே குனிஞ்சு பாருங்க



என் சித்தப்பா பையன் பாண்டிச்சேரியில ஒரு தனியார் கம்பெனியில வேலை பார்க்கிறான். கையில் வர்ற சம்பளம் 45,000. வீடு வானூர் தாலுகாவில, கழுவேலி ஏரிக்கு இந்தப் பக்கம். வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. சித்திக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. தண்ணீர் வடிஞ்ச பிறகும் அந்த மண் பாதை பல நாள் சேறாகவே கிடந்தது. சித்தியை டிராக்டரில் உட்கார வைத்துத்தான் ரோடு வரைக்கும் கூட்டி வந்தாங்க. அன்னைக்கே அவன் முடிவு பண்ணிட்டான்: "அண்ணா, ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கணும். பட்ஜெட் 6 லட்சம்."

நம்ம சேனல்ல கார் லோன் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் சொல்றது ஒண்ணுதான். வண்டி ஆசைக்கா, தேவைக்கா என்று முதல்ல உங்களுக்கே பதில் சொல்லிக்கோங்க. அவனுக்கும் அதையேதான் சொன்னேன். ஆனா இந்தத் தடவை நானும் சில விஷயம் கத்துக்கிட்டேன்.

முதல் கேள்வி: வருஷத்தில் எத்தனை நாள்?

ஒரு காகிதம் எடுங்க. போன வருஷம் ஃபோர் வீல் டிரைவ் இல்லாததால் நிஜமாகவே போக முடியாமல் போன நாட்களை எழுதுங்க. கொடைக்கானல் ட்ரிப், ரீல்ஸ், "ரோட்ல ஒரு கெத்து" எல்லாம் கணக்கில் வராது. பத்து நாளுக்குக் கீழே இருந்தால் வாங்காதீங்க. அந்த நாட்களுக்கு வாடகை வண்டி எடுத்தாலே மலிவு.

மணலும் சேறும் என்றாலே நாலு சக்கரமும் இழுக்கணும் என்பதில்லை. தரையிலிருந்து உயரமான சாதாரண வண்டியும், நல்ல டயரும், மணலில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் இறக்கி விடுற பழக்கமும் இருந்தால் நம்ம சவுக்குத் தோப்புப் பாதைகளில் பாதிக்கு மேல் தாண்டிடலாம். (தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றைத் திரும்ப அடிச்சுடணும்.)

இன்னொரு தப்பான நம்பிக்கையையும் உடைச்சுடறேன். வெள்ளத்தில் ஃபோர் வீல் டிரைவ் காப்பாத்தாது. நாலு சக்கரம் இழுப்பது பிடிமானத்துக்கு. தண்ணீரில் முக்கியம் வண்டியின் உயரமும், இன்ஜின் காற்று இழுக்கிற குழாய் எங்கே இருக்கு என்பதும். அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் இன்ஜின் அங்கேயே முடிஞ்சது. சாதாரண இன்சூரன்ஸ் அந்தச் செலவைப் பெரும்பாலும் கொடுக்காது. அதுக்கான கூடுதல் காப்பீடு பழைய வண்டிகளுக்குக் கிடைக்கிறதும் கஷ்டம். புயல் ராத்திரியில் எந்த வண்டியையும் எடுக்காதீங்க.

தம்பிக்கு நாங்க போட்ட கணக்கு: வடகிழக்குப் பருவமழை மூணு மாசம், வாரம் ரெண்டு பயணம், மொத்தம் 26 நாள். அதுவும் தள்ளிப்போட முடியாத பயணம். சரி, இவனுக்குத் தேவைதான்.

இரண்டாவது கணக்கு: வண்டி விலை வேற, வண்டிச் செலவு வேற

அவன் திட்டம்: சேமிப்பு 2.5 லட்சம், லோன் 3.5 லட்சம். பழைய வண்டிக்கு வட்டி புது வண்டியை விடக் கூடத்தான் இருக்கும். 13 சதவீதம், 4 வருஷம் என்று வைத்தால் மாத இஎம்ஐ 9,390 ரூபாய். வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். சம்பளக்காரர்களுக்கு இந்த வட்டியில் வருமான வரிச் சலுகை எதுவும் கிடையாது.

மாசம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 11 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்றால் எரிபொருள் சுமார் 8,450. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் தேய்மானத்துக்கு மாசம் 5,000 ஒதுக்கணும். மொத்தம் 22,840. 45,000 சம்பளத்தில் பாதிக்கு மேல் வண்டிக்கே போகுது!

அதனால என் விதி: கையில் இருக்கிற மொத்த பட்ஜெட்டில் முக்கால் பங்குக்கு மேல் வண்டி விலை போகக் கூடாது. 6 லட்சம் என்றால் வண்டி 4.5 லட்சத்துக்குள். மீதி கால் பங்கு பெயர் மாற்றத்துக்கும், இன்சூரன்ஸுக்கும், முதல் ஆறு மாச ரிப்பேருக்கும். பழைய ஃபோர் வீல் டிரைவில் அந்த ரிப்பேர் வருமா வராதா என்று யோசிக்கவே வேண்டாம், வரும்.

25,000 ரூபாய் பாடம்

நான் இவ்வளவு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் ஒரு வியாபாரிகிட்ட வண்டி பார்த்து, 4.6 லட்சம் பேசி, 25,000 அட்வான்ஸும் கொடுத்துட்டு வந்துட்டான். எந்த ஊர், எந்த வண்டி என்று சொல்லப் போறதில்லை. பெயின்ட் கண்ணாடி மாதிரி, சீட் கவர் புதுசு, இன்ஜின் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். ஓடோமீட்டரில் 71,000.

எங்க ஊர் மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனோம். அவர் பானெட்டையே திறக்கலை. தரையில் ஒரு சாக்கை விரிச்சு அடியில் படுத்துட்டார். சேஸிஸ் முழுக்கப் புதுசா கறுப்பு கோட்டிங். சின்னச் சுத்தியலால் தட்டிக்கிட்டே போனார். கணீர்னு வந்த சத்தம் பின் சக்கரத்துக்கு மேலே வந்ததும் பொத்துன்னு மாறிடுச்சு. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார், உள்ளே இறங்கிடுச்சு.

அப்புறம் சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்துக்கு மண் கலர் கறை. சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தில் காஞ்ச வண்டல். வண்டி தண்ணியில நின்னிருக்கு.

தம்பி என்கிட்ட கேட்டான்: "அண்ணா, 25,000 திரும்பி வராதே?" வராதுதான். ஆனா அது ஏற்கனவே போன காசு. அதைக் காப்பாத்த 4.6 லட்சத்தை உள்ளே போடறதுதான் நிஜமான நஷ்டம். ஷேர் மார்க்கெட்டிலும் இதையேதான் சொல்றோம், இல்லையா? அவன் ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் வண்டியை விட்டுட்டு வந்தோம்.

நம்ம பக்கத்தில் உப்புதான் முதல் எதிரி

மரக்காணம் உப்பளம் பக்கம் பைக் வைத்திருக்கிறவங்களைக் கேளுங்க. சைலன்சர் எத்தனை வருஷம் வருதுன்னு சொல்வாங்க. உப்பு கலந்த ஈரம் இரும்பில் ஒட்டினால் துரு ரொம்ப வேகமாகப் பிடிக்கும். பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பெரும்பாலும் சேஸிஸ் மேல் பாடியை உட்கார வைத்துக் கட்டினவை. சேஸிஸ் பெட்டி மாதிரி இருப்பதால் உள்ளே போன உப்புச் சேறு வெளியே வராது. இன்ஜின் போனால் மாத்தலாம். சேஸிஸ் போனால் வண்டியே போச்சு.

அதனால பார்க்க வேண்டிய வரிசை இது:

1. சேஸிஸ், பிரேக் பைப், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற இடங்கள். புதுசா அடிச்ச கறுப்பு கோட்டிங்கைப் பார்த்தால் சந்தேகப்படுங்க.
2. சீட் பெல்ட்டின் அடிப்பகுதி, கார்ப்பெட்டுக்குக் கீழே, ஸ்டெப்னி வைக்கிற குழி. வெள்ளம் போனாலும் வண்டல் போகாது.
3. டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பக்க, பின்பக்க டிஃபரன்ஷியல் ஆயில். கொஞ்சம் எடுத்துப் பாருங்க. பால் ஊத்தின டீ மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கு.
4. நாலு சக்கரமும் நிஜமாகவே இழுக்குதா? மண் தரையில் 4 ஹை, 4 லோ ரெண்டும் போட்டு ஓட்டுங்க. ஒருத்தர் வெளியே நின்று முன் சக்கரம் மண்ணைத் தள்ளுதான்னு பார்க்கணும். காய்ந்த தார் ரோட்டில் இந்த சோதனை வேண்டாம். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் அந்த இழுபறி கியர்களை அழுத்தும்.
5. கடைசியாகத்தான் இன்ஜின். காலையில் முழுசா ஆறிப்போன நிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க.

முடிஞ்சால் கடலோர வண்டியைத் தவிர்த்து, சேலம், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் தேடுங்க. போக்குவரத்துக்கு ரெண்டாயிரம், மூவாயிரம் ஆனாலும் பரவாயில்லை.

எந்த வண்டி?

இந்த பட்ஜெட்டில் அதிகம் கண்ணில் படுவது இவைதான். மாருதி ஜிப்ஸி: 1985-ல் வந்து 2019 வரை ஓடிய பெட்ரோல் வண்டி. எடை குறைவு, எளிய இயந்திரம். ஆனா குடும்பத்துக்கு சொகுசு இல்லை, உடம்பு முடியாதவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஸ்கார்பியோ, சஃபாரி ஸ்டோர்ம்: 4 லோ இருக்கிற முழு ஃபோர் வீல் டிரைவ் மாடல்களும் ரெண்டிலும் உண்டு. கடினமான வேலைக்கு இவைதான். 2020-க்கு முந்தைய தார்: ஆசைப்படுறவங்க அதிகம், அதனால் விலை இறங்குவதில்லை. டஸ்டர் ஆல் வீல் டிரைவ்: 2014-ல் வந்தது. 4 லோ கிடையாது, ஆனா சேறு, மணலுக்குப் போதும். உள்ளே உட்கார கார் மாதிரி இருக்கும். நாலு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கணும். அந்தத் தலைமுறை டஸ்டர் தயாரிப்பு 2022-ல் நின்றது, அதனால பார்ட்ஸ் பற்றி வாங்குவதற்கு முன்னாடியே மெக்கானிக்கிடம் கேட்டுடுங்க.

இந்தப் பேர்கள் பலவற்றிலும் ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகளும் வந்திருக்கு. பின்னாடி ஒட்டியிருக்கிற பேட்ஜை நம்பாம ஆர்.சி.யில் மாடல் பெயரைப் பாருங்க.

ஒரு சின்ன கணக்கு: 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897. டஸ்டர் டீசல் 1,461 சி.சி., ஸ்கார்பியோ 2,179 சி.சி. வருஷா வருஷம் 4,481 ரூபாய் வித்தியாசம்.

காகிதம்: இங்கே சோம்பேறித்தனம் வேண்டாம்

வானூர்க்காரங்களுக்கு பாண்டிச்சேரி பக்கத்துத் தெரு மாதிரி. அதனால பிஒய் நம்பர் வண்டி மலிவாகக் கண்ணில் படும். ஆனா வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது நம்பர் வாங்கணும், தமிழ்நாட்டு வரியும் கட்டணும். அதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்க. டெல்லி டீசல் வண்டிக்கும் இதே கணக்கு.

எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் பாருங்க. கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேணும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. "அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கு. விற்கிறவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்க, அவரே அவசரப்படுவார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்க பெயருக்கு மாத்தணும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

பெரிய டயர், பம்பர் கம்பி என்று மாத்தியிருந்தால் அதுக்குக் காசு கூடக் கொடுக்காதீங்க. தயாரிப்பாளரின் அசல் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கு. பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்க. 2 லட்சமோ அதுக்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்குது.

தம்பி என்ன பண்ணினான்?

ரெண்டு மாசம் பொறுமையா தேடினான். ஈரோடு பக்கம் ஒரே உரிமையாளர் வைத்திருந்த 2015 மாடல் டஸ்டர் ஆல் வீல் டிரைவ், 3.9 லட்சத்துக்கு அமைஞ்சது. அதே மெக்கானிக் பஸ்ஸில் கூட வந்து அடியில் படுத்துப் பார்த்தார். டயர், டைமிங் பெல்ட், ஆயில் எல்லாத்துக்கும் 62,000. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், மற்ற செலவு 38,000. போன 25,000-ஐயும் சேர்த்தால் 5.15 லட்சம். 3.5 லட்சம் வாங்க வேண்டிய லோன் 2.65 லட்சத்தோட நின்னது. இஎம்ஐ 7,110.

இப்போ சித்தியை மண் பாதையிலேயே வாசல் வரைக்கும் போய் ஏத்திட்டு வர்றான். உப்பளப் பக்கம் போயிட்டு வந்தால் அன்னைக்கே நல்ல தண்ணியில் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவிடறான். மேலே புழுதி அப்படியேதான் இருக்கும். "மேல யாரு பார்க்கப் போறாங்க, அண்ணா?" என்கிறான்.

நீங்களும் வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சாக்கு, ஒரு சின்னச் சுத்தியல், நம்பிக்கையான ஒரு மெக்கானிக், மூணும் கையோட இருக்கட்டும். அட்வான்ஸ் அப்புறம்.