அம்மாவுக்கும் விடுமுறை உண்டா?

பள்ளிக்கூடம் மூடியாயிற்று. இனி வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான்: "இந்த வருஷம் கோடைக்கானல் போகலாமா?" அப்பா லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஏரியில் படகுக்கு யார் துடுப்புப் போடுவது என்று பிள்ளைகள் இப்போதே சண்டை பிடிக்கிறார்கள். அம்மா மட்டும் சமையலறையில் நின்று கணக்குப் போடுகிறாள். அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, புளிக்காய்ச்சலை எந்த டப்பாவில் அடைப்பது, குக்கரை எந்தப் பையில் திணிப்பது!

சகோதரிகளே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக் கொள்ளாதீர்கள். நீங்கள் போவது விடுமுறைக்கா, அல்லது வீட்டு அடுப்பை 7,000 அடி உயரத்துக்குக் குடிமாற்றவா?

மலையில் சமையல் லேசில் ஆகிற காரியமுமில்லை. சென்னையில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. கோடைக்கானல் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகையால் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பித் திறந்த பாத்திரத்தில் பருப்பைப் போட்டீர்களோ, அது வேகாமல் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். குக்கர் கை கொடுக்கும், வாஸ்தவம். ஆனால் குளிரில் தயிர் சட்டென்று உறையாது. எண்ணெய்ப் பாத்திரம் பச்சைத் தண்ணீரில் லேசில் விளங்காது. இப்படியே பாதிப் பகல் அடுப்பண்டை போய்விடும். பிள்ளைகள் ஓடி வந்து, "தூண் பாறையை அப்படியே மேகம் மூடிக்கொண்டது அம்மா, நீ பார்த்திருக்கணும்!" என்பார்கள். நீங்கள் ரசத்துக்குத் தாளித்துக் கொண்டிருப்பீர்கள்.

"அப்படியானால் சாப்பாட்டுக்கு?" என்கிறீர்களா? நம் சாப்பாடு கிடைக்கும் ஹோட்டல்கள் அங்கே இருக்கின்றன. செலவு கூடும் என்பது மெய்தான். நாலு நாள் தங்குவதை மூன்று நாளாகக் குறைத்துக் கொள்ளுங்கள். நாலு நாள் சமைத்து அலுத்துத் திரும்புவதைவிட, மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புவது மேல் அல்லவா? அதற்கும் கையில் பணம் போதாது, சமைத்தே தீரவேண்டும் என்றால், ஒரு வேளை மட்டும் சமையுங்கள். பாத்திரம் தேய்ப்பது அப்பாவும் பிள்ளைகளும் என்று புறப்படுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். 2024 மே மாதம் முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். அதை எடுக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயம். வெள்ளி அருவி, தூண் பாறை, பைன் காடு, குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று வேனில் ஏறி ஏறி இறங்காதீர்கள். ஒரு நாளையாவது சும்மா விடுங்கள். அன்று விடியற்காலையில், எல்லோரும் போர்வைக்குள் சுருண்டிருக்கும்போது, நீங்கள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போங்கள். சுற்றிவர 5 கிலோமீட்டர். பேசாமல் நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். துணை வேண்டுமென்றால் நாத்தனாரையோ வயது வந்த மகளையோ எழுப்பிக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் நடக்க முடியாத மாமியாருக்குக் கோக்கர்ஸ் வாக் இருக்கிறது. 1872-ல் போட்ட அந்த நடைபாதை சுமார் ஒரு கிலோமீட்டர்தான். மேகம் விலகினால் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும்.

"நான் இல்லாவிட்டால் காப்பி யார் போடுவார்கள்?" என்ற கவலை வரும். அந்த ஒரு வேளைக் காப்பியை அவர்களே வாங்கிக் குடித்தால் குடும்பத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அம்மா இல்லாமல் ஒரு காலைப் பொழுது எப்படி விடிகிறது என்று அவர்களுக்கும் கொஞ்சம் தெரியட்டுமே!

நடக்கும்போது அந்த ஏரியைப் பற்றியும் நினைத்துக் கொள்ளுங்கள். அது ஆதியிலிருந்து அங்கே இருந்ததல்ல. 1863-ல், மதுரை கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பு நிலத்தில் ஓடிக் கொண்டிருந்த ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டித்தான் அதை உண்டாக்கினார். ஓயாமல் ஓடிய தண்ணீர் ஓரிடத்தில் நின்ற பிறகுதான் அதில் வானம் தெரிந்தது.

நீங்களும் மூன்று நாள் நில்லுங்கள்.